சின்னக் குழாயின் மூடி

வானியல் மையத்துக்குப் போய் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார். மூடிக்காரர் என்று கேட்க வேண்டும். கேட்டால் மொட்டைமாடியைக் கை காட்டுவார். மையத்தில் தொலைநோக்கிகள் ஏழு, அவற்றுக்கு மூடிகள் பதினெட்டு. மாலையில் கதவைப் பூட்டுவதற்கு முன் பதினெட்டையும் விரலால் தொட்டு எண்ணிவிட்டுத்தான் அவர் படியிறங்குவார். இருபத்துநான்கு வருஷத்தில் ஒரு மூடி தொலைந்ததில்லை. ஒவ்வொரு மூடியிலும் ஊசியைக் காய்ச்சி ஒரு துளை போட்டு, சிவப்பு நூல் கோத்து, அதனதன் குழாயோடு கட்டிவைத்திருந்தார். கழற்றினால் மூடி காற்றில் தொங்கும், கண் முன்னால் ஆடும், என்னை மாட்டு என்று நச்சரிக்கும். மறதிக்கு இடமே இல்லை.

வீட்டில் கதை வேறு. பற்பசைக் குழாயை அவர் ஒருநாளும் மூடியதில்லை. எண்ணெய்ப் புட்டி, பேனா, தண்ணீர்க் குடுவை எல்லாம் அவர் கை பட்டால் திறந்தே கிடக்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த அவர் மனைவி, "அங்க பதினெட்டு மூடிக்குக் காவல், இங்க ஒரு பேஸ்ட்ட மூட ஆளில்ல. ஊருக்குத்தான் உபதேசம்" என்று தினம் காலையில் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் பல் விளக்குவாள். அவரும் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மையத்துக்கு அவர் முதலில் வந்தது பெயின்ட் டப்பாவோடு. தொலைநோக்கி அறையின் சுழலும் கூரை வளைவுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள். அடித்து முடித்த வாரம் வளைவைச் சுழற்றும் பணியாள் வேலையை விட்டுப் போனான். இவர் தோளைக் கொடுத்துத் தள்ளிக் காட்டினார், நின்றுவிட்டார். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் குழாயைத் திருப்பிச் சனியைப் பிடித்துவிடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கண் வைத்து "ஆ" என்று சொல்வதைக் கேட்பதுதான் அவருக்குச் சம்பளம் மாதிரி. அதைக் கேட்காத நாளில் முகம் தொங்கிப்போயிருக்கும்.

மூடியில் அவருக்கு ஏன் இவ்வளவு வெறி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய குழாய் வானத்தில் துளியூண்டு இடத்தைத்தான் காட்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அதன் முதுகில் ஒரு சின்னக் குழாய் ஏறி உட்கார்ந்திருக்கும். சின்னதில் பிடித்து, பெரியதில் பார்க்க வேண்டும். சூரியனுக்கு மட்டும் இந்த வழி ஆகாது. பெரிய குழாயின் வாயில் வெயிலை வடிகட்டும் கறுப்புத் தகட்டை மாட்டிவிடுவார்கள். சின்னதுக்குத் தகடு கிடையாது. மூடி ஒன்றுதான் காப்பு. அதனால் அவர் சூரியனைக் குழாயால் தேடவே மாட்டார், நிழலால் தேடுவார். தரையில் விழும் குழாயின் நிழல் நீளத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி முழு வட்டமானால் குழாய் சூரியனுக்கு நேராக நிற்கிறது என்று அர்த்தம். அண்ணாந்து பார்க்காமலே வேலை முடிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒருநாள் மையம் வானியல் நாள் கொண்டாடும். அரங்கத்தில் பேச்சு, முற்றத்தில் செய்முறைகள், மாடியில் பகலெல்லாம் சூரியன், இருட்டியதும் நிலாவும் சனியும். அன்றைக்கு மட்டும் மூடிக்காரர் சின்னக் குழாயின் மூடியை எல்லார் முன்னிலும் கழற்றுவார். அதன் பின்பக்கம் ஒரு தாளைப் பிடிப்பார். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் தாள் புகைந்து ஓட்டை விழும். "இது தாளு. உங்க கண்ணு இதவிட மெல்லிசு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணிப் பிரயோஜனம் இல்ல" என்பார். கூட்டம் சிரிக்கும். வருஷம் தவறாமல் அதே இடத்தில் சிரிக்கும். அவர் மூடியை மாட்டிவிட்டு வரிசையைத் திறந்துவிடுவார்.

அந்த வருஷம் புது இயக்குநர் வந்திருந்தாள். சின்ன வயது, நல்ல படிப்பு, எதையும் சுத்தமாகச் செய்ய நினைக்கிறவள், கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. முந்தின நாள் மாடிக்கு வந்து சுற்றிப் பார்த்தாள். அரங்கத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த பெரிய மனிதர் நாளைக்கு வருகிறார், இந்தச் சிவப்பு நூலெல்லாம் துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்குகிறதே, படம் எடுத்தால் அசிங்கமாக இருக்குமே என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. மறுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். இருபத்துநான்கு வருஷத்துக்கு அப்புறமும் மூடிக்கு நூல் தேவைப்படுகிற ஆள் என்று அவள் தன்னை நினைத்துவிடுவாளோ என்று ரோஷம் வந்துவிட்டது. கத்தரிக்கோலை எடுத்துவந்து ஏழு தொலைநோக்கிகளின் நூலையும் அவரே கத்தரித்தார்.

மறுநாள் காலையில் கூட்டம் அலைமோதியது. தாளைப் பொசுக்கிக் காட்டினார், வழக்கமான பழமொழியைச் சொன்னார், வழக்கமான சிரிப்பு கிடைத்தது, மூடியை மாட்டினார். பன்னிரண்டரை மணிக்குப் பெரிய மனிதர் மாடிக்கு ஏறிவந்து, பட்டப்பகலில் வெள்ளிக் கிரகம் தெரியுமாமே, காட்டுங்கள் பார்க்கலாம் என்றார். தெரியும். ஆனால் நீலவானத்தில் அதைப் பிடிக்கச் சின்னக் குழாய் வேண்டும். மூடிக்காரர் கறுப்புத் தகட்டைக் கழற்றினார், குழாயைச் சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பினார், சின்னக் குழாயின் மூடியைக் கழற்றினார். நூல் இல்லாத மூடி கையில் நின்றது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளி கிடைத்தது. பெரிய மனிதர் பார்த்துவிட்டு, புள்ளி மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். வரிசையில் அறுபது பேர் வெயிலில் கசகசத்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்காரர் அவசர அவசரமாகத் தகட்டை மாட்டினார், குழாயைத் திருப்பினார், நிழல் சுருங்கி வட்டமானதும் பெரிய குழாயில் கண் வைத்துச் சூரியன் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. கண் முன்னால் எதுவும் ஆடவில்லை, எதுவும் நச்சரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அரங்கத்தில் ஒலிபெருக்கி கத்துகிறது, வந்து பாருங்கள் என்று ஆள் வந்தது. உதவிக்கு வந்திருந்த இயற்பியல் படிக்கும் கல்லூரிப் பெண்ணை வரிசைக்குக் காவல் வைத்துவிட்டு இறங்கினார். கால் மணி நேரத்தில் திரும்பினார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் சத்தமாவது கேட்கும்.

இரண்டே கால் மணிக்கு வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் விரல் விட்டார். வட்டமாக, வழுவழுப்பாக, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று விரலில் பட்டது.

அது என்ன என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. முதலில் கையை நீட்டிச் சின்னக் குழாயின் வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் வெயில் சுட்டது. பொத்திய கையோடு நின்று வரிசையைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் அது திறந்து கிடந்திருக்கிறது. அவர் பக்கத்திலேயே நின்ற நேரத்தில் யாரும் அதில் கண் வைக்கவில்லை, அது நிச்சயம். தலையைப் பிடித்துப் பெரிய குழாய்க்கு நேராக வைத்துவிட்டவர் அவர்தான். மிச்சம் அந்தக் கால் மணி நேரம்.

வரிசையை நிறுத்திவிட்டுக் கல்லூரிப் பெண்ணைப் பக்கத்தில் அழைத்துக் கேட்டார். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். குழந்தைகள் ஏறிப் பார்க்கும் ஸ்டூலை யாரோ பேனர் கட்ட எடுத்துப்போய்விட்டார்கள். குழந்தைகளுக்கு எட்டவில்லை, பெற்றவர்கள் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். ஒரு அம்மா மட்டும் மகளை ரொம்ப உயரத்தில் தூக்கினாள். ஆறேழு வயதுப் பெண், ரெட்டைப் பின்னல், கவுனில் பச்சைத் தாளில் செய்த சனிக் கிரகம் குத்தியிருந்தாள். அந்த நேரத்தில் இன்னொருவர் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், அவர் பொத்தியிருக்கும் கையைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

அவளைத் தேற்ற அவருக்கு நேரமில்லை. மூடியை மாட்டினார். படியில் இறங்கவில்லை, விழுந்தடித்து ஓடினார். அரங்கத்து மேடையில் பெரிய மனிதர் பேசிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்ற இயக்குநரிடம் காதோடு காதாக விஷயத்தைச் சொல்லி, இப்போதே ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்றார். அவள் முகம் வெளுத்தது. யாராவது கண் வலிக்கிறது என்று வந்தார்களா என்று கேட்டாள். வரவில்லை. அப்படியானால் பேச்சு முடியட்டும், பத்து நிமிஷம்தான், அறுநூறு பேர் இருக்கிற இடத்தில் பீதியைக் கிளப்ப வேண்டாம் என்றாள்.

"வலிக்காது மேடம். கண்ணுக்குள்ள பொசுங்கினா வலியே தெரியாது" என்றார் அவர்.

அவள் திரும்பி மேடையைப் பார்த்தாள். அவர் இரண்டு நிமிஷம் நின்றார். அந்தக் குழந்தை இந்த இரண்டு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பிறகு மேடையேறிப் போய், மன்னிச்சிருங்கய்யா என்று சொல்லிப் பெரிய மனிதரின் கையிலிருந்தே மைக்கை வாங்கினார். நாற்காலி வாங்கிக் கொடுத்தவரின் வாய் பாதிச் சொல்லில் திறந்தபடியே நின்றது.

மாடியில் சூரியன் பார்த்தபோது சின்னக் குழாயில் கண் வைத்தவர்கள் யாராவது இருந்தால் உடனே முன்னால் வாருங்கள், அதன் மூடியை மாட்ட மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று அறிவித்தார். பச்சைச் சனி குத்திய ரெட்டைப் பின்னல் பெண்ணையும் அடையாளம் சொன்னார். அரங்கம் கொந்தளித்தது. ஒருவர் அவர் சட்டையைப் பிடித்தார். நாற்பது பேர் முன்னால் வந்தார்கள், எல்லாருக்கும் தாங்களும் அதில்தான் பார்த்தோமோ என்று சந்தேகம். ஒவ்வொருவரையும் ஒரு கண்ணைப் பொத்திச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். நடுவில் கறை தெரிகிறதா, முள் தெரிகிறதா என்று கேட்டார். எல்லாருக்கும் முள் தெரிந்தது. பச்சைச் சனி வரவில்லை.

காவலாளிதான் சொன்னார். அந்த அம்மாவும் பிள்ளையும் ஒன்றரைக்கே வெளியேறிவிட்டார்கள். அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் வேலை செய்கிறவள், அந்த ஊதாச் சீருடையோடுதான் வந்திருந்தாள், மதிய இடைவேளையில் மகளுக்குச் சூரியன் காட்ட வந்ததாகச் சொன்னாள். ஓட வேண்டிய திசை தெரிந்தது. மூடிக்காரர் ஓடினார். ஐம்பத்தோரு வயது உடம்பு பாதி வழியில் மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, கடவுளே ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய்விட்டே வேண்டினார். அவர் கடவுளைக் கூப்பிடுகிற பழக்கம் உள்ளவர் இல்லை.

பேக்கரி முகப்பில் ஊதாச் சீருடையில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள், என்ன வேண்டும் என்று கேட்டாள். அவருக்குப் பேச்சு வருவதற்குள் உள்ளேயிருந்து குழந்தையின் குரல் கேட்டது. அடுப்பறைக்குப் போகும் வழியில், அடுக்கிவைத்த மாவு மூட்டைகளின்மேல் பச்சைச் சனி உட்கார்ந்திருந்தாள். மாவு பிசைகிற இரண்டு பேரை நிறுத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பெருமை. அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். வரிசையில் நின்றபோது குழாய்ப் பக்கத்தில் பார்த்த மாமா அல்லவா.

"மாமா, நான் சூரியனக் கொண்டுவந்துட்டேன். கண்ண மூடினாலும் தெரியுது, தொறந்தாலும் தெரியுது. எங்க பாத்தாலும் கூடவே வருது."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை தூரம் ஓடிவந்தது இந்தக் குழந்தையிடம் இதைக் கேட்கத்தானா என்றிருந்தது. தாயிடம் சொன்னார். சுற்றி வளைக்காமல், மூடியில் ஆரம்பித்து மூடியில் முடித்தார். அவள் ரொட்டிக் கத்தியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். கேட்டு முடித்ததும் கத்தியைப் பலகையில் வைத்தாள்.

"நான்தான் தூக்கினேன்" என்றாள். "ரொம்பப் பளிச்னு இருக்குதும்மான்னு தலையத் திருப்பினா. அரை மணி நேரம் நின்னிருக்கோம், நல்லாப் பாருன்னு நான்தான் பிடிச்சு வச்சேன்."

"நீங்க சொன்னதுல தப்பில்லம்மா. நீங்க சூரியனப் பாக்கத்தான வந்தீங்க. மூடி என் பாக்கெட்டுல இருந்துச்சு."

வண்டி பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியெல்லாம் குழந்தை ஒரு கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாக விளையாடிக்கொண்டே வந்தாள். எந்தக் கண்ணில் சூரியன் இருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள், வலது கண். தாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவருக்கு இருவரையும் பார்க்க முடியவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்து, எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னாள். இடது கண்ணால் குழந்தை கடைசி வரிவரை மடமடவென்று படித்தாள். வலது கண்ணால் ஓர எழுத்துக்களை மட்டும் சொன்னாள். நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, நடுவுல எழுத்தே எழுதலையே என்றாள். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு விளக்கினாள். பார்வையின் நடுப்புள்ளி பொசுங்கியிருக்கிறது. மருந்து கிடையாது, அறுவை சிகிச்சை கிடையாது. சிலருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகக் கொஞ்சம் திரும்பும். திரும்பியது போக மிச்சம் அப்படியே நின்றுவிடும்.

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தாய் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மருந்தே இல்லாததுக்கா இப்படி ஓடி வந்தீங்க?"

"இருக்கும்னு நெனச்சேம்மா" என்றார்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அடித்திருந்தால் நன்றியோடு வாங்கிக்கொண்டிருப்பார். அவள் தலையைக் குனிந்து, மகளின் கவுனில் கசங்கியிருந்த பச்சைச் சனியின் வளையத்தை நீவிவிட்டாள். குழந்தை இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்ப் பெஞ்சிலிருந்த அவரையே கூர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள்.

"மாமா, உங்க மூஞ்சியவே காணோம். மூஞ்சி இருக்கிற எடத்துல சூரியன் இருக்கு."

அன்றைக்கு மாலை மையத்தின் மாடியில் அவர் இல்லாமல் நிலா காட்டினார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் காலையில் பற்பசைக் குழாய் இறுக்கி மூடியிருந்தது. எண்ணெய்ப் புட்டி, பேனா, தண்ணீர்க் குடுவை எல்லாம் மூடியிருந்தன. இனிமேல் அந்த வீட்டில் எதுவுமே திறந்து கிடக்காது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பல் விளக்கும் இடத்தில் நின்று அழுதாள்.

விசாரணை வைத்தார்கள். நூலைக் கத்தரிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி வந்தபோது இயக்குநர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது என்று மட்டும் சொன்னார். அவளும் வாயைத் திறக்கவில்லை. கவனக்குறைவு என்று ஒரே வரியில் எழுதி, அவரைத் தொலைநோக்கிகளிலிருந்து விலக்கிக் கீழே பொருள் கிடங்குக்கு அனுப்பினார்கள். அதே வாரம் ஏழு தொலைநோக்கிகளுக்கும் புதுச் சிவப்பு நூல் கட்டப்பட்டது. அதைப் பார்த்த கிளார்க் ஒருவர் வாய்ப்பழக்கமாக, கண் கெட்ட பிறகு என்று ஆரம்பித்தார். மூடிக்காரர் அங்கே நிற்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஞாயிறுதோறும் அவர் பேக்கரிக்குப் போனார். போகக் கூடாது என்று தாய் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. குழந்தை மாவு மூட்டையில் உட்காருவாள். அவர் எட்டடி தள்ளி, எப்போதும் ஒரே இடத்தில், எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மாமாவின் மூஞ்சி எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்வாள். முதல் மாதம் ஒன்றுமில்லை. இரண்டாம் மாதம் ஒரு காது வந்தது. அன்றைக்கு அவர் வீடுவரை நடந்தே போனார், கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் மாதம் இன்னொரு காதும் நெற்றியும் வந்தன. நான்காம் மாதம் தாடை. அப்புறம் நின்றுவிட்டது. ஐந்தாம் மாதம் முழுக்கக் கண்ணும் மூக்கும் வரவே இல்லை. இல்ல மாமா, இன்னும் வரல என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர், பரவாயில்லடா தங்கம் என்று சொல்லிவிட்டு அடுப்பறைப் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பி என்ன செய்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியாது என்று நினைத்தார். ஆனால் அவளுடைய இன்னொரு கண் நல்ல கண்தானே.

ஆறு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சட்டைப் பையில் அந்தப் பழைய மூடியோடு போனார். வெப்பத்தில் உள்ளே குறிபார்க்கும் குறுக்குக் கம்பி பொசுங்கிப்போன சின்னக் குழாயை மையத்தில் கழித்துக் கட்டிவிட்டார்கள். மூடி அவரிடமே தங்கிவிட்டது. வழக்கம்போல எண்ணெய் டின்னில் உட்கார்ந்தார். அவள் இடது கண்ணை உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"வந்துருச்சு மாமா. எல்லாம் வந்துருச்சு."

முகப்பில் நின்ற தாய் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணு?" என்று கேட்டார் அவர்.

"தெரியுது."

"மூக்கு?"

"மூக்குந்தான். முழுசாத் தெரியுது."

நம்ப வேண்டும் போலிருந்தது. அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் இருபத்துநான்கு வருஷம் எதையும் தொட்டுப் பார்த்து எண்ணியே பழகிய கை சும்மா இருக்கவில்லை. பையிலிருந்து மூடியை எடுத்தது, மெதுவாக மேலே தூக்கி மூக்கின்மேல் வைத்தது. கறுத்த வட்ட மூடி. எட்டடியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் சிரிப்பு வந்திருக்கும்.

"இப்பவும் தெரியுதாடா தங்கம்?"

அவர் கை மேலே போனதை மட்டும் பார்த்த குழந்தை ஒரு நொடி யோசித்தாள்.

"தெரியுது மாமா" என்றாள். "மூக்கச் சொறிஞ்சுக்கிறீங்க."

தாய் திரும்பி ரொட்டி வெட்ட ஆரம்பித்தாள். அவர் மூடியை இறக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆமாடா, மாவு பட்டு அரிச்சிருச்சு" என்றார்.

அன்றைக்கு அவர் அடுப்பறைப் பக்கம் திரும்பவில்லை. அவள் கண்ணைத் திறக்கும்வரை அவளைப் பார்த்துச் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.